ஒரே மரத்தடியில் நாற்பது நாள்

இரண்டு ஆண்டுகளாகப் பூக்களைப் படமெடுத்து வருவதாகவும், இப்போதெல்லாம் கேமராவைக் கையில் எடுக்கவே மனம் வருவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். எடுத்த படங்கள் வேறு யாரோ எடுத்தவைபோல இருக்கின்றன, எனக்கென்று ஒரு பாணி எப்படி வரும், மிக நெருங்கிப் படமெடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் வாங்கினால் இந்தச் சலிப்பு தீருமா என்று கேட்கிறீர்கள். லென்ஸ் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். சலிப்பிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் பாணிக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

இந்தச் சலிப்பு எனக்கும் வந்தது. படமெடுக்கத் தொடங்கி ஐந்தாவது ஆண்டு. மே மாதத்தில் மலைமேல் நடந்த மலர்க்காட்சி ஒன்றுக்குப் போய், இரண்டு நாளில் எண்ணூறு படங்களுக்கு மேல் எடுத்துக்கொண்டு வந்தேன். டேலியா, பெட்டூனியா, சால்வியா, பான்சி என்று எதுவும் விடவில்லை. எல்லாம் கூர்மையாக, பின்னணி மங்கலாக, நிறம் பளிச்சென்று வந்திருந்தன. வீட்டுக்கு வந்து கணினியில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தபோது, இதை ஏன் எடுத்தேன் என்று ஒரு படத்துக்குக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. பார்ப்பதற்கென்றே தொட்டியில் வளர்த்து வரிசையாக அடுக்கி வைத்த பூக்கள். எல்லோரும் நின்ற இடத்தில் நானும் நின்றிருந்தேன். அதன்பின் நான்கு மாதம் கேமரா அலமாரியை விட்டு வெளியே வரவில்லை.

அதை வெளியே எடுக்க வைத்தது எங்கள் தெருக்கோடியில், வாய்க்கால் ஓரமாக நிற்கும் பூவரச மரம். சிறுவயதில் அதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாத பிள்ளை எங்கள் தெருவில் இல்லை. பஸ்ஸுக்காக அங்கே நின்ற ஒரு நாள் காலை, கிளையில் எலுமிச்சை மஞ்சளில் பூக்கள் இருந்தன, காலடியில் கருஞ்சிவப்பில் பூக்கள் கிடந்தன. இரண்டும் ஒரே மரத்துப் பூ. மஞ்சளாகப் பூத்து, சிவந்து, உதிர்கிற பூ அது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த மஞ்சள் எந்த வழியாக அந்தச் சிவப்புக்குப் போகிறது என்று முப்பத்தைந்து ஆண்டுகளில் ஒரு முறைகூட நின்று பார்த்ததில்லை. மறுநாள் கேமராவோடு போனேன். தொடர்ந்து நாற்பது நாள் போனேன்.

முதல் வாரம் எடுத்தவை வழக்கமான படங்கள். பூவுக்கு நேர் எதிரே நின்று, நடுவில் வைத்து, பின்னால் பச்சையை மங்கவிட்டு எடுத்தவை. பத்தாம் நாள் சலித்துவிட்டது, அந்தப் பக்கத்திலிருந்து புதிதாக எடுக்க ஒன்றுமே மிச்சமில்லை. பதினோராம் நாள் மரத்தடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன். பூவரசம்பூ முழுதாக விரிவதில்லை, மணிபோலத் தலை கவிழ்ந்து தொங்கும். கீழிருந்து பார்த்தால் அந்த மணிக்குள் வெயில் நிறைந்திருக்கிறது. ஐந்து இதழ்களும் ஒன்றின் விளிம்பை மற்றொன்று தழுவிச் சுழன்றிருக்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் இருக்கும் கருஞ்சிவப்புத் திட்டு பக்கத்துத் திட்டோடு சேர்ந்து, உள்ளே ஓர் இருண்ட வளையம் தெரிகிறது. இதழின் வெளிப்புறத்தில் ஒரு கட்டெறும்பு ஏறிப் போனது. மறைந்திருந்த அந்த எறும்பின் நிழல் மட்டும் உள்ளிருந்து நகர்வது தெரிந்தது. அதுதான் ஐந்து ஆண்டுகளில் நான் எடுத்த முதல் சொந்தப் படம் என்று இன்றும் நினைக்கிறேன்.

அதன்பின் நேரத்தை மாற்றி மாற்றிப் போனேன். மாலை நான்கு மணிவாக்கில் மஞ்சளுக்குள் ஒரு செம்மை ஏறத் தொடங்கும். மறுநாள் காலையில் இதழ்கள் முறுக்கிக்கொண்டு, ஈரத் துணியைப் பிழிந்து வைத்ததுபோலச் சிவந்து தொங்கும். மழை பெய்த ஒரு காலையில் உதிர்ந்த பூக்களெல்லாம் சேற்றில் பதிந்து கிடந்தன. அன்றைக்கு நான் தலைநிமிர்ந்து மரத்தைப் பார்க்கவே இல்லை.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஒரு பூவைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த படங்கள் ஏறக்குறைய பத்து நாளில் தீர்ந்துவிடும். அவை தீர்ந்த இடத்தில் வருவதுதான் சலிப்பு. பெரும்பாலோர் அந்த இடத்தில் பூவை மாற்றுகிறார்கள், ஊரை மாற்றுகிறார்கள், லென்ஸை மாற்றுகிறார்கள், உடனே எல்லோருக்கும் தெரிந்த படங்களின் அடுத்த வரிசை தொடங்கிவிடுகிறது. நீங்கள் இரண்டு ஆண்டுகளாக நூறு பூக்களின் முதல் பத்து நாளையே மறுபடி மறுபடி எடுத்திருக்கிறீர்கள் என்பது என் ஊகம். ஒரே பூவின் பதினோராம் நாளுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது. 2018இல் மூணாறுக்குப் போய் எடுத்துவந்த அழகான படங்களை நானும் நிறையப் பார்த்தேன். அடுத்து 2030. அதற்குக் கட்டாயம் போங்கள். ஆனால் மலை முழுக்க நீலமாக இருக்கும்போது எல்லோரும் மலையைத்தான் எடுப்பார்கள், அங்கே உங்கள் பாணி உங்களுக்குப் பிடிபடுவது கடினம்.

இடம் சுருங்கினால் கண் விரியும் என்பதற்கு ஒளிப்பட வரலாற்றிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் ஜெர்மனியின் கார்ல் பிளாஸ்ஃபெல்ட். அவர் படமெடுப்பதை முறையாகப் படித்தவரல்லர். பெர்லினில் ஒரு கலைத்தொழில் பள்ளியில் மாணவர்களுக்கு வடிவங்களைக் கற்பித்த ஆசிரியர். இரும்பு வேலைக்கும் கட்டடச் செதுக்கலுக்கும் செடிகள் எப்படி முன்மாதிரியாகின்றன என்று வகுப்பில் காட்டுவதற்காகவே, தானே செய்துகொண்ட கேமராவில் மொட்டுகளையும் தண்டுகளையும் சுருண்ட தளிர்களையும் பல மடங்கு பெரிதாக்கி எடுத்தார். வெறும் பின்னணி, ஒரே மாதிரியான மென்மையான ஒளி, நடுவில் ஒரு செடித்துண்டு, அவ்வளவுதான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதையே செய்தார். 1928இல் அந்தப் படங்கள் நூலாக வந்தபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. பாணியைத் தேடி அவர் எங்கும் போனதாகத் தெரியவில்லை. மாணவனுக்கு இந்த வளைவு தெளிவாகத் தெரிய வேண்டும் என்ற ஒரே கவலைதான் அத்தனை படங்களிலும் இருக்கிறது. இன்று அவற்றைப் பார்க்கிற எவரும் அந்தக் கவலையையே அவருடைய பாணி என்கிறார்கள்.

இன்னொருவர் அமெரிக்காவின் இமோஜன் கன்னிங்ஹாம். சியாட்டில் நகரில் சொந்தமாக ஸ்டுடியோ நடத்தி, ஆட்களை உருவப்படம் எடுத்து வந்தவர். கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த காலத்தில் வீட்டில் மூன்று சிறு பையன்கள், அதில் இருவர் இரட்டையர். வெளியே போக வழியில்லை. தோட்டத்தில் இருந்ததை எடுத்தார். 1925ஆம் ஆண்டின் மக்னோலியா மலர் அந்தத் தோட்ட நாட்களில் பிறந்த படம். இதழ்கள் சட்டத்தின் விளிம்புவரை நிறைந்திருக்க, நடுவில் சூலகமும் மகரந்தத் தாள்களும் ஒரு சிற்பம்போல எழுந்து நிற்கும். உருவப்படம் எடுத்துப் பழகிய கை ஒரு முகத்தை நெருங்குவதுபோலப் பூவை நெருங்கியிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கும் ஏதாவது ஒரு தொழிலோ பழக்கமோ இருக்கும். தையல் தெரிந்தவர் இதழின் மடிப்பைப் பார்ப்பார், கணக்குத் தெரிந்தவர் சூரியகாந்தியின் சுழல்களை எண்ணுவார். அதை வெளியே கழற்றி வைத்துவிட்டுப் பூவிடம் போகாதீர்கள்.

இதில் நம் மொழி உங்களுக்குக் கைகொடுக்கும். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் பருவங்களுக்குத் தமிழில் ஏழு பெயர்கள் உண்டு. அரும்பிப் பருத்து, விரியும் தறுவாயில் முகையாகி, மலர்ந்து, முற்றும் விரிந்து அலராகி, உதிர்கையில் வீயாகி, வாடிக் கிடக்கையில் செம்மலாகிறது. உங்கள் படங்களை எடுத்து இந்த ஏழில் எங்கே விழுகின்றன என்று பிரித்துப் பாருங்கள். என் எண்ணூறு படங்களையும் அப்படிப் பிரித்தேன். எண்ணூறும் ‘மலர்’. மற்ற ஆறு பருவங்களையும் நான் படமெடுக்கத் தகுந்தவையாகவே கருதியிருக்கவில்லை. பூவரச மரத்தடியில்தான் நான் ‘வீ’, ‘செம்மல்’ என்ற பருவங்களுக்கு உரியவன் என்று புரிந்தது. என்னிடம் கற்றுக்கொண்ட ஒரு பெண் அரும்புகளை மட்டுமே எடுக்கிறார். மல்லிகை அரும்பு, முருங்கை அரும்பு, எருக்கின் அரும்பு. அவர் படங்களில் எல்லாமே இறுக மூடியிருக்கும், ஆனால் பார்க்கிறவருக்கு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதுபோல இருக்கும். நானும் அவரும் ஒரே செடிக்கு முன்னால் நின்றாலும் ஒரே படத்தை எடுக்க மாட்டோம்.

பாணி என்று ஒன்று உங்களிடம் ஏற்கெனவே முளைவிட்டிருக்கும், அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். இரண்டு ஆண்டுப் படங்களில் நாற்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறர் பாராட்டியவற்றை ஒதுக்கிவிட்டு, காரணம் தெரியாமல் நீங்கள் அழிக்காமல் வைத்திருப்பவற்றை எடுங்கள். போஸ்ட்கார்டு அளவில் அச்சுப் போட்டு, கூடத்தில் தரையில் பரப்புங்கள். கணினித் திரையில் இது நடக்காது, ஒரே பார்வையில் நாற்பதும் தெரிய வேண்டும். ஒரு வாரம் அப்படியே இருக்கட்டும், வீட்டில் உள்ளவர்களிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டிருந்தால் மூன்றாம் நாள் ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு எல்லாப் படங்களிலும் பூ சட்டத்தின் கீழ் மூலையில் இருந்தது, மேலே வெற்றிடம். அதை அவர் தவறு என்று நினைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். திருத்துவதை நிறுத்தினார். இன்று அவருடைய படத்தைப் பெயர் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

கருவியைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் கேமராவை அதன் போக்கில் விட்டால் கேமராவின் பாணிதான் உங்கள் பாணியாகும். எந்தக் காட்சியையும் நடுத்தரமான சாம்பல் அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்றே கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டர் கணக்குப் போடும். மல்லிகை சட்டத்தை நிறைத்தால் அது அழுக்குச் சாம்பலாக வருவது அதனால்தான். எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விழும் ஒளியை, முக்கால் ஸ்டாப் அல்லது ஒரு ஸ்டாப் கூட்டினால் (ஒரு ஸ்டாப் என்பது ஒளியை இருமடங்காக்குவது) வெள்ளை வெள்ளையாகும். செம்பருத்தியில் கதை நேர்மாறு. படத்தில் இருள் எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம், படம் முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் சரியாகவே காட்டும், ஆனால் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்து, இதழின் நரம்புகளெல்லாம் மறைந்து, ஒரு சிவப்புத் தகடு மிஞ்சும். மூன்று நிறங்களுக்கும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, சிவப்பு வலப்பக்க விளிம்பில் இடிக்காத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறையுங்கள். உச்சி வெயிலில் எடுக்க நேர்ந்தால், பூவுக்கும் சூரியனுக்கும் இடையில் ஒரு வெள்ளை வேட்டியை இரண்டு பேர் பிடித்தால் போதும், அதைவிட நல்ல ஒளியைக் கடையில் வாங்க முடியாது. நிழல்பக்கம் வெளிச்சம் வேண்டுமானால் ஒரு தெர்மோகோல் துண்டு. காற்றில் தண்டு ஆடினால் குச்சி ஒன்றை நட்டு, துணி காயப்போடும் கிளிப்பால் பிடித்து வைக்கலாம்.

ஃபோகஸ் விஷயத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். பூவை அதன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழவைக்கும் நெருக்கத்தில், பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவில் லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப்/11 வைத்தாலும் கூர்மையாக வருவது ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டிய ஆழம்தான். துளையை அகலத் திறந்து எஃப்/2.8 என்றால் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. பல படங்களை அடுக்கிச் சேர்த்து முழுப் பூவையும் கூர்மையாக்கலாம், தாவரவியல் பதிவுக்கு அது தேவை. ஆனால் பாணியைத் தேடுகிறவர் அந்த ஒரு மில்லிமீட்டரோடு வாழப் பழகுவது நல்லது என்பேன். இந்தப் பூவில் எந்த ஒரு மில்லிமீட்டரை நான் காட்டப் போகிறேன் என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுத்தாக வேண்டும். சூலக முடியா, இதழ் விளிம்பின் சுருக்கமா, எறும்பா? கேமராவின் ஆட்டோஃபோகஸ் பெரும்பாலும் தனக்கு நெருக்கமானதையும் ஒளிவேறுபாடு மிகுந்ததையும் பிடிக்கப் பார்க்கும். அதை அணைத்துவிட்டு, வளையத்தைக் கையால் திருப்பி, பூவின் உள்ளே மெதுவாக நடந்து போங்கள். எங்கே உங்கள் கை தானாக நிற்கிறது என்று கவனியுங்கள்.

பூவைத் தனியாகப் பிரித்து, பின்னணியைக் கரைத்து எடுப்பதுதான் பூப்படம் என்று நாம் எல்லோரும் பழகிவிட்டோம். ஆனால் நம் வாழ்க்கையில் பூ எப்போது தனியாக இருந்தது? வாழைநாரோடு இருக்கிறது, ஈரத் துணிக்கு அடியில் கூடையில் இருக்கிறது, கொண்டையில், நிலைப்படியில், பிரேதத்தின் மேல் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளைப் பூச்சந்தைக்கு விடியுமுன் போய்ப் பாருங்கள். மின்விளக்கு வெளிச்சத்தில் பிச்சியும் கேந்தியும் அரளியும் குவிந்து கிடக்கும், அவற்றுக்கு நடுவே விலை பேசும் கைகள். பூக்கட்டுகிற ஒரு பெண்மணியின் விரல்களை நான் மூன்று மாதம் எடுத்தேன். நான்கு அரும்புகளை இரண்டிரண்டாகத் தலைமாற்றி வைத்து, நாரைச் சுற்றி, விரலால் ஒரு முடிச்சு, ஒரே இழுப்பு. முழங்கையிலிருந்து விரல்நுனிவரை அளந்து ஒரு முழம் வெட்டும்போது ஒவ்வொரு முறையும் இரண்டு விரற்கடை கூடவே விடுவார். “அளந்த மாதிரியே குடுத்தா பூ வாங்கின மாதிரி இருக்காதுய்யா” என்றார். அந்த இரண்டு விரற்கடையைப் படத்தில் கொண்டுவர முடியுமா என்று அன்றிலிருந்து முயன்றுகொண்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை. இப்படி வராமல் நிற்கிற ஒரு படம்தான் அடுத்த நாள் காலையில் என்னை எழுப்புகிறது. உங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும். முயற்சி ஆண்டுக்கணக்கில் நீள்கிற மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களை வரிசையாகச் சொல்கிறார், காந்தளில் தொடங்கும் அந்த வரிசை. அவற்றில் எத்தனை உங்கள் ஊரைச் சுற்றி இன்றும் பூக்கின்றன என்று தேடிப் போவதே ஓர் ஆயுள்காலத்து வேலை.

ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். தண்ணீர் தெளித்துப் பனித்துளி செய்வதை. நம் தோட்டங்களிலும் பனி படர்ந்த காலைகள் உண்டு, மார்கழியில் ஐந்தரை மணிக்கு எழுந்தால் போதும். நீங்கள் எழுந்து போனதும் குளிரில் நின்றதும் படத்தில் எப்படியோ வந்துவிடுகின்றன. எப்படி என்று என்னால் விளக்க முடியாது, ஆனால் இருபது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்.

இனி லென்ஸ். இப்போது வாங்காதீர்கள். உங்களிடம் இருக்கும் 18-55 மில்லிமீட்டர் லென்ஸுக்கு எக்ஸ்டென்ஷன் டியூப் ஒன்று வாங்குங்கள். அதற்குள் கண்ணாடி எதுவும் இல்லை, வெறும் வளையம். லென்ஸைச் சென்சாரிலிருந்து சற்றுத் தள்ளி வைப்பதால் இன்னும் நெருங்கிப் போய் ஃபோகஸ் செய்ய முடிகிறது, மேக்ரோ லென்ஸின் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும். எந்தப் படத்தை இதைக் கொண்டு எடுக்க முடியவில்லை என்று உங்களால் குறிப்பாகச் சொல்ல முடிகிற நாள் ஒன்று வரும். பாம்பு வந்துவிடும் என்ற பயத்தில் புதருக்கு எட்டி நிற்க வேண்டியிருக்கிறது, அதனால் எட்டி நின்றே எடுக்க நூறு மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் வேண்டும் என்பது மாதிரியான காரணம். அன்று வாங்கினால் அந்த லென்ஸ் வீணாகாது.

வீட்டுக் கொல்லையில் பூசணிக் கொடி படர்ந்திருக்கிறது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அதிலிருந்தே தொடங்குங்கள். பூசணிப்பூ விடியற்காலையில் விரிந்து, வெயில் ஏறிவிட்டால் மதியத்துக்குள் கூம்பிவிடும், மறுபடி திறக்காது. ஆண்பூ நீண்ட காம்பில் நிற்கும், பெண்பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும். நாளைக் காலை இருட்டோடு போய் நாளைக்கு விரியப்போகிற ஒரு முகையைத் தேடிப் பிடித்து, அதன் பக்கத்தில் ஒரு மணையைப் போட்டு உட்காருங்கள். முதல் நாள் கேமரா வேண்டாம்.